கன்னம் சிவந்த வாரம்

இரும்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் குழந்தைகள் காப்பகம். கீழே நாள் முழுக்கக் கம்பி அறுக்கிற சத்தம். மேலே நாள் முழுக்க அழுகைச் சத்தம். இரண்டுக்கும் பழகிப்போன காது, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு. வேலைக்கு ஓடுகிற தாய் தகப்பன்மார் காலையில் பிள்ளையை இடுப்பிலிருந்து பிய்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்குவார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இன்னும் வீறிடும் என்று சொல்லிவைத்திருந்தவளே அவள்தான்.

அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேறு பேச்சு வராத பிள்ளைகூட அவளைக் கண்டதும் இரண்டு கையையும் மேலே நீட்டி "தூக்கு" என்று சொல்லும். அதனால் தூக்கு அத்தை ஆனாள். பிள்ளைகள் வாயில் அது தேய்ந்து 'தூக்கத்தை' ஆயிற்று. புதிதாகச் சேர்த்த ஒரு தகப்பன், "யாரோட தூக்கத்தைங்க?" என்று விளையாட்டாகக் கேட்டபோது, "உங்களோடதுதான். ராத்திரி தெரியும் பாருங்க" என்றாள் அவள். மதியம் அவள் மடியில் தட்டிப் போட்டால் பிள்ளைகள் அப்படித் தூங்கும். அந்தக் கணக்கை வீட்டில் ராத்திரியில் தீர்த்துக்கொள்ளும். பெரியவர்கள் வெறுமனே அத்தை என்றார்கள். காப்பகத்தை நடத்திய மேடமும், அத்தையைவிட வயதில் மூத்தவர்தான், அத்தை என்றே கூப்பிட்டார்.

நாற்பதைத் தாண்டியவள். முன்பு ஒரு தையல் ஆலையில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள். ஆலை மூடியபின் இங்கே வந்து, வைத்த பொத்தானை அவிழ்க்கிற வேலைக்கு மாறினேன் என்பாள். அவள் வேலை முழுக்க விரல்களில்தான் இருந்தது. ஈரமான முடிச்சு, சிக்கிய ஜிப்பு, இறுகிப்போன பால்புட்டி மூடி, வாய்க்குள் போன மணியை நாக்குக்கு அடியிலிருந்து வழித்து எடுப்பது, இடது கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு வலது கையால் இன்னொன்றுக்கு மூக்குச் சிந்திவிடுவது. அவள் கைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால் அது விழாது. யாரும் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லத் தேவையில்லாத ஒன்றாக அது இருந்தது.

வீட்டில் புருஷனும் ஒரே மகளும். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். மகள் பள்ளி முடித்துவிட்டு ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். எள்ளைவிடச் சின்ன திருகாணிகளை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை. "உன் கை அப்படியே எனக்கு வந்திருக்கும்மா" என்று மகள் சொல்லும்போது அத்தைக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கிய சமயத்தில் காப்பகத்தில் மூக்கொழுகல் வந்தது. அது எந்த வருஷமும் வருவதுதான். ஒன்றுக்கு வந்தால் ஒன்பதுக்கு வரும். லேசான காய்ச்சல், ரெண்டு நாள் சிணுங்கல், அப்புறம் பழையபடி ஓட்டம். அத்தை மூக்கைத் துடைத்தாள், கடித்துப் போட்ட பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், தும்மல் முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம், பூசணியின் இரண்டு கன்னமும் சிவந்துவிட்டன.

பூசணி இரண்டு வயதுப் பையன். பேருக்கேற்ற உருவம். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோதே கன்னம் கொஞ்சம் செம்மையாக இருந்ததை அத்தை பார்த்தாள். பாயில் அழுந்திய தடம் என்று நினைத்தாள். அவன் அம்மா வந்து சேர்வதற்குள் அது இரண்டு பக்கமும் பளீரென்று ஏறியிருந்தது. வாயைச் சுற்றி மட்டும் வெளிறிக் கிடக்க, இரண்டு கன்னத்திலும் யாரோ உள்ளங்கையை விரித்து ஓங்கி அறைந்தது போல.

பூசணியின் அம்மா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி கத்திக் கத்திப் பேசிப் பழகிய குரல். பிள்ளையை வாங்கியவள் விளக்குக்குக் கீழே கொண்டுபோய் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் அடிச்சது?"

யாரும் அடிக்கவில்லை என்று அத்தை சொன்னாள். தூங்கி எழுந்ததிலிருந்து இப்படி இருக்கிறது, பூச்சி எதுவும் கடித்திருக்குமோ என்று பார்த்தேன் என்றாள். உண்மைதான். ஆனால் அந்தக் கன்னத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லும்போது அது அவள் காதுக்கே பொய் போலக் கேட்டது. மற்ற பெற்றோர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மேடம் ஓடி வந்து, கேமரா வாசலில் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆனது.

பூசணியின் அம்மா கத்தவில்லை. அதுதான் பிறகு அத்தைக்கு மறக்காமல் போனது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அவள் கைகளைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"என் பிள்ளையை அடிச்ச கை விளங்காமப் போகும். பாத்துக்கிட்டே இரு."

அத்தையைக் கூட்டிப்போக வந்த புருஷன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

விஷயம் தெளிவாகிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்றார் மேடம். அத்தை வீட்டில் இருந்தாள். துவைத்ததையே துவைத்தாள். புருஷன் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "தெரியாமக் கை பட்டிருக்குமோ?" என்றார். மகள் பட்டென்று எழுந்து, அம்மாவைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமா உங்களுக்கு என்று சண்டைக்குப் போனாள். அத்தை அவளை உட்காரச் சொன்னாள். பட்டிருந்தால் அவர் கேட்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் இன்னொரு பிள்ளைக்குக் கன்னம் சிவந்தது. அந்தப் பிள்ளை நாலைந்து நாளாகக் காப்பகத்துக்கே வந்திருக்கவில்லை. அப்புறம் இரட்டைப் பிள்ளைகளுக்கு, இரண்டுக்கும் ஒரே நாளில். குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். இது ஒரு வைரஸ், அறைந்த கன்னம் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு, கன்னம் சிவக்கும் நேரத்தில் அது பரவ வேண்டியவர்களுக்கெல்லாம் பரவி முடித்திருக்கும், பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேடம் போன் செய்து அழுதார். அத்தை மறுநாளே வேலைக்குப் போனாள். பூசணியை இப்போது அவன் அப்பா கொண்டுவந்து விட்டார். அம்மாவிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. ஒரு டப்பா பிஸ்கட் வந்தது. அத்தை அதைப் பிரித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அத்தைக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்து போயிருந்தது. மகளுக்கும் வந்தது. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் வந்ததால் மனக்கஷ்டம் என்று விட்டுவிட்டாள். வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், ஒரு காலையில் பல் துலக்கப் போனவளால் குழாயைத் திருக முடியவில்லை. குழாய்தான் இறுகிவிட்டது என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு விரலால் திறந்துவிட்டுப் போனார். விரல்களைப் பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறிய கடலை மாதிரி மூட்டுக்கு மூட்டு உப்பியிருந்தன. மடக்கினால் பாதியில் நின்றன. தரையில் கால் வைத்தால் கூழாங்கல் மேல் மிதிப்பது போல இருந்தது. வெயில் ஏற ஏற இளகி, மதியத்துக்குள் கை மறுபடி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. மறுநாள் காலை பழையபடி.

பக்கத்துத் தெரு டாக்டர், காப்பகத்தில் வந்த அதே வைரஸாகத்தான் இருக்கும் என்றார். பிள்ளைகளுக்குக் கன்னத்தில் காட்டும், பெரியவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மூட்டில் காட்டும். சில வாரத்தில் தானாக அடங்கும் என்று வலி மாத்திரை கொடுத்தார். மகளுக்கும் மணிக்கட்டில் வலி இருந்தது. அவளுக்கு அடங்கிவிட்டது. அத்தைக்கும் அடங்குவது போலத்தான் இருந்தது. பிறகு, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவன் சாமான்களோடு திரும்பி வந்த மாதிரி, அது வந்தது. இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி. முழங்காலிலும் வந்தது. மோதிரம் இறங்க மறுத்தது. புருஷன் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றும்போது அவர் சொன்னார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி: "பெத்தவ வயிறெரிஞ்சு சொன்ன சொல்லு."

"நான் அடிக்கலையே" என்றாள் அவள்.

"சொல்லுக்கு அது தெரியுமா?"

கடவுள் முதற்கொண்டு யாரோடும் வாதாடி ஜெயிக்கக்கூடியவள் அத்தை. ஆனால் அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். விளங்குகிறதா என்று.

வேலையில் மறைத்தாள். புட்டி மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திறந்தாள். முடிச்சுகளைப் பல்லால் அவிழ்த்தாள். கை நீட்டுகிற பிள்ளைகளை முழங்கைக்குள் வாரிக்கொண்டாள். இப்படி எத்தனை நாள் ஓட்டியிருப்பாளோ தெரியாது. ஒரு காலையில் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தொட்டி மேடையில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர உடம்பு. இடது கை அக்குளுக்கடியில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாக அவள் நினைத்திருந்தாள். விரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துகொண்டன. குழந்தை வழுக்கி மேடை விளிம்புக்கு வந்துவிட்டது. கீழே சிமெண்டுத் தரை. அத்தை அப்படியே முன்னால் விழுந்து, நெஞ்சாலும் முழங்கையாலும் அதை மேடையோடு அணைத்து நிறுத்தினாள். விளையாட்டு என்று நினைத்து அது கெக்கெக்கென்று சிரித்தது.

யாரும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த கேமராவும் பார்க்கவில்லை. அவள் குழந்தையைத் துடைத்தாள், பவுடர் போட்டாள், பொத்தான் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். பாயில் படுக்க வைத்துவிட்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"இனிமே என் கையில குழந்தையைக் கொடுக்காதீங்க மேடம்."

அவள் பழைய விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டதாக மேடம் முதலில் நினைத்தார். அத்தை இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டரிடம் மகள் கூட வந்தாள். டாக்டர் சின்ன வயதுக்காரர். அவசரப்படாமல் ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின், இது சாதாரண வைரஸ் வலி கட்டத்தைத் தாண்டிவிட்டது, முடக்குவாதம் என்றார். வைரஸ் போய்விட்டது, ஆனால் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டையே எதிரி என்று நினைத்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார்.

அத்தை கேட்க வந்ததைக் கேட்டாள். "அந்தக் குழந்தைங்ககிட்டருந்து வந்ததுதானா டாக்டர் இது?"

"இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. உங்க ரத்தத்துல ஒரு அடையாளம் இருக்கு. சிலருக்கு அது நோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே சத்தமில்லாம இருக்கும். தூங்கிக்கிட்டிருந்ததை இந்த வைரஸ் தட்டி எழுப்பியிருக்கலாம். இல்ல, எப்படியும் வர இருந்தது, ரெண்டும் ஒரே சமயத்துல அமைஞ்சிருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்க வழி இல்ல."

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. சாபம் கொடுத்தவள்கூட இத்தனை 'லாம்' போடவில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்குப் பெரியம்மாவின் கைகள் ஞாபகம் வந்தன. விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் காற்றில் சாய்ந்த நாணல் போல வளைந்த கைகள். விருந்தாளிகள் வந்தால் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். பச்சைத் தண்ணீரில் துணி துவைத்துத் துவைத்து வந்தது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஏதாவது காய்ச்சல் வந்ததா, யாருக்குத் தெரியும்? கேட்கப் பெரியம்மா இல்லை.

சொல்லி முடித்ததும் டாக்டரின் பார்வை ஒரு கணம் மகள் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"இவளுக்கும் வந்துச்சு அந்தக் காய்ச்சல். மணிக்கட்டு வலிச்சுது" என்றாள்.

இப்போது இருக்கிறதா என்று டாக்டர் மகளைக் கேட்டார். இல்லை, அப்போதே போய்விட்டது என்றாள் அவள். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வந்து போய்விடும், மறுபடி காலையில் விறைப்பு வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார். மகள் தலையாட்டினாள். கைகளை மடியில் வைத்திருந்தவள் மெதுவாகத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் விஷம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும், அதனால் சளி காய்ச்சல்காரர்களிடமிருந்து தள்ளியே இருங்கள் என்றார். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். அத்தை சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணியின் அம்மா வீட்டுக்கு வந்தாள். காப்பகத்தில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. புருஷன் கதவைத் திறந்துவிட்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அத்தையின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அத்தை எழுந்து தூக்கிவிட நினைத்தாள், முழங்கால் விடவில்லை.

"எனக்கும் வந்துச்சு அக்கா" என்றாள் அவள். "கை காலெல்லாம் வீங்கிப் போச்சு. டிக்கெட்டை எடுத்துக் கொடுக்க முடியாமத் தவிச்சேன். மூணு வாரத்துல இருந்த இடம் தெரியாமப் போயிடுச்சு. அதே காய்ச்சல், அதே பிள்ளைகிட்டருந்து. எனக்குப் போனது உங்களுக்கு ஏன் போகல?"

அவள் அத்தையின் விரல்களைப் பார்த்தாள்.

"நான் சொன்னதுனாலதானா?"

"டாக்டர் ரத்தத்துலயே இருந்ததுங்கறார். என் பெரியம்மாவுக்கும் இருந்திருக்கு."

"அப்ப நான் சொன்னது இல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நிம்மதியாக எழுந்து போயிருப்பாள். அத்தைக்கு அது தெரிந்தது. சொல்லத்தான் நினைத்தாள். அன்றைக்குக் காலையில் சட்டை மாட்டிக்கொள்ள மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் பிள்ளைக்குப் பொத்தான் போட்டவள், தன் மகள் முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

அவள் அழுதாள். அத்தை அவள் தலையில் கை வைத்தாள். விரல்கள் படியவில்லை, மரக்கட்டை மாதிரி அப்படியே கிடந்தன. அத்தை வைத்த கையை எடுக்கவில்லை, அவளும் தலையை விலக்கவில்லை.

மாத்திரை மெல்ல மெல்லத்தான் பிடித்தது. குளிர் முடிந்து வெயில் வந்தபோது அத்தையால் குழாயைத் திறக்க முடிந்தது. முழங்கால் படியேற விட்டது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் கொஞ்சம் சாய்ந்தது சாய்ந்ததுதான், அது திரும்பாது என்றார் டாக்டர். ஆனால் இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார். மேடம் அவளை விடவில்லை. காப்பகத்தின் பின்னறையில் புட்டிகளைக் கொதிக்க வைக்க, துணி மடிக்க, சாப்பாடு பிசைய ஒரு வேலையை அவளுக்கென்றே உண்டாக்கினார். பிள்ளைகளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவு. உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளைகள் மட்டும் அதைத் தாண்டி வரலாம் என்று ஏற்பாடு.

வீட்டில் அவளுக்கு வேறொரு வேலை சேர்ந்தது. காலையில் மகள் எழுந்து வரும்போது எதையாவது சாக்கிட்டு ஊறுகாய் பாட்டிலை நீட்டுவாள்: "இதைக் கொஞ்சம் திறந்து கொடு." மகளுக்குக் காரணம் தெரியும். ஒன்றும் சொல்லாமல் வாங்கித் திறந்து கொடுப்பாள். ஒரு நாள் மட்டும், வாங்கியவள் மூடியில் கை வைத்துவிட்டு ஒரு நொடி நின்றாள். அப்புறம் திறந்தாள். "ராத்திரி கை மேல படுத்துட்டேன்" என்றாள், அம்மா கேட்பதற்கு முன்பே.

அத்தை பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நாள் கேட்டு வைத்தாள். மகள் வரமாட்டேன் என்றாள். இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மகள் போய்வந்தாள். வெறும் சுளுக்கு என்று சொல்லிவிட்டார்கள், இந்தத் தடவை.

அடுத்த குளிர் தொடங்கிய வாரம், பின்னறையில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒரு பிள்ளை தும்மியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எந்தப் பிள்ளை என்று தும்மலை வைத்தே அவளுக்குத் தெரியும். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், யாராவது துடைத்துவிட வேண்டும் என்பதும் தெரியும். எழுந்தாள். முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு, கதவுப் பக்கம் போய், அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.